உயர்த்திய ஜீப்பை இறக்கியபோது: குளச்சல் துணிக்கூரை தார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் அது ஓடும் வழியும்

2013-இல் பதிவான மகிந்திரா தார் சிஆர்டிஇ. துணிக்கூரை, நான்கு சக்கர இயக்கம், 2,498 சிசி டீசல் எஞ்சின். கம்பெனியிலிருந்து வந்த நிலையில் 3,800 சுற்றில் 105 குதிரைத்திறன், 1,800 முதல் 2,000 சுற்றுக்குள் 247 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சக்கர இடைத்தூரம் 2,430 மி.மீ. முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கலால் ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டு) கொண்ட தனி சஸ்பென்ஷன், பின்பக்கம் முழு ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும். குட்டையான வண்டி, கீழ்ச் சுற்றிலேயே நல்ல இழுவை, மேலே கெட்டிக் கூரை கிடையாது. இதில் எதை மாற்றினாலும் பலன் ஸ்டியரிங்கில் உடனே தெரியும்; கெடுதலும் அப்படியே.

உரிமையாளர் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். வீடு குளச்சல் கடற்கரையை ஒட்டி. ரப்பர் தோட்டம் பேச்சிப்பாறைக்கு மேலே. திங்கள்சந்தை, அழகியமண்டபம், வேர்க்கிளம்பி, குலசேகரம் வழியாக வாரத்துக்கு இரண்டு நடை. மாதத்தில் இரண்டு மூன்று முறை ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி. ஓட்டுவது பெரும்பாலும் அவருடைய மகன், வயது 24. ஆக, உப்புக் காற்று, செம்மண் சறுக்கல், மலையேற்றம், நெடுஞ்சாலை வேகம் எல்லாவற்றையும் இந்த ஒரே வண்டி சமாளித்தாக வேண்டும்.

வாங்கியபோதே இருந்த மாற்றங்கள்

2021-இல் இரண்டாம் கையாக வாங்கியது. முந்தையவர் செய்தது பாதி, மகன் செய்தது மீதி. முன்பக்க டார்ஷன் பாரை முறுக்கி உயர்த்தியிருந்தார்கள். பின்பக்கம் பட்டையின் பின்முனையைச் சேஸியில் தொங்கவிடும் ஷேக்கிள், அதுவும் நீளமானது. 235/70 ஆர்16 டயர் இருந்த இடத்தில் 265/75 ஆர்16 சேற்று டயர். சக்கரத்தை வெளியே தள்ளும் வீல் ஸ்பேசர், பக்கத்துக்கு 30 மி.மீ. முன்னால் கனத்த இரும்பு பம்பர், அதற்குள் வண்டியை இழுத்து மீட்கும் வின்ச். எஞ்சினுக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சார் ஒயரின் நடுவில், திறனைக் கூட்டச் செருகிய டியூனிங் பெட்டி. உள்ளே குழாய்க் கூண்டு ஒன்று: சுவர் கனம் 1.6 மி.மீ. உள்ள ஸ்டீல் குழாய், தரைத் தகட்டில் காலுக்கு நான்கு சின்ன போல்ட். போட்டோவுக்கு நன்றாக இருக்கும். வண்டி உருண்டால் தகடு கிழிந்து கூண்டோடு கழன்று வரும்.

இத்தனைக்கும் நடுவில் ஷாக் அப்சார்பர், புஷ் (இணைப்புகளில் அமரும் ரப்பர் உறை), பிரேக் ஆயில் மூன்றும் தொடப்படவே இல்லை.

2022 ஜூன், முப்பந்தல்

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கிப் புகுந்து வரும் காலம். காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணமே அந்தக் காற்றுதான். காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் நோக்கி வந்துகொண்டிருந்த வண்டி, மீட்டரில் 80 காட்டியபோது பக்கக் காற்றின் ஒரு வீச்சில் அரை வண்டி அகலம் எதிர்ப்பக்கம் ஒதுங்கியது. மகன் ஸ்டியரிங்கைத் திருப்பி மீட்டார்; மீட்டதும் பின்பக்கம் மறுபுறம் வீசியது. எதிரே வந்த லாரி வேகத்தைக் குறைத்ததால் மோதல் இல்லை.

மறுநாள் பட்டறையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “நேர் ரோட்டுலயே வள்ளம் மாதிரி அசையுது அண்ணே. காத்தடிச்சா கேட்கவே வேண்டாம்.” கூடவே வேறு சில குறைகளும் வெளிவந்தன. பேச்சிப்பாறை ஏற்றத்தில் கிளட்ச் கருகும் வாசனை. பிரேக் மிதித்தால் இடப்பக்கம் இழுப்பு. குண்டு குழியில் முன்கண்ணாடிச் சட்டம் கறகறக்கும். பின் திரையைச் சுருட்டிக் கட்டிவிட்டு ஓட்டினால் தலைவலி.

அவர்கள் கேட்டு வந்தது இன்னும் கெட்டியான ஸ்பிரிங்கும் ஈசியூ ரீமேப்பும், அதாவது எஞ்சினை ஆளும் கணினியின் நிரலை மாற்றுவதும். பட்டறை இரண்டையும் ஒத்திவைத்துவிட்டு, முதலில் இரண்டு நாள் அளப்பதற்குக் கேட்டது.

கழற்றும் முன் அளந்தவை

ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டும். அதே மாடலில் எதுவும் மாற்றாத வண்டி ஒன்றைத் தக்கலையில் தேடிப்பிடித்து, ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து குறித்தார்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் வித்தியாசம் கணக்கில் புகுந்துவிடும். ஹப்பிலிருந்து அளந்தால் சஸ்பென்ஷன் மட்டும் தெரியும்.

அந்தக் கணக்கில் முன் இடது 62 மி.மீ. உயர்ந்திருந்தது, முன் வலது 48. இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்கவில்லை. இந்த 14 மி.மீ. வித்தியாசம் நான்கு கால் மேசையில் ஒரு காலுக்கு அட்டை வைத்தது போல: எடை மூலைக்கு மூலை மாறி உட்காரும். பிரேக் இழுப்பில் ஒரு பங்கு இங்கிருந்து வந்தது.

முன் சக்கரம் கீழே தொங்குவதற்கு மீதமிருந்த தூரம் 12 மி.மீ. பள்ளத்தில் சக்கரம் இறங்க வேண்டும். இறங்க இடமில்லாமல் ஸ்டாப்பில் முட்டியதால் ஒவ்வொரு பள்ளத்திலும் ‘டக்’ என்ற அடி. டார்ஷன் பாரை முறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகிறது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். ஆகாது. பாரின் விறைப்பு அதன் தடிமனிலும் நீளத்திலும் இருக்கிறது. முறுக்குவது நிற்கும் உயரத்தை மட்டும் மாற்றும். கெட்டியாகத் தோன்றுவது இந்த முட்டல்தான்.

அலைன்மெண்ட் மேடையில் டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மொத்தம் 6 மி.மீ. வெளிநோக்கி. கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) இடது கூட்டல் 1.1 டிகிரி, வலது கூட்டல் 0.6. இதைவிட முக்கியமானது வேறு. முன் மூலையை ஜாக்கில் 40 மி.மீ. ஏற்றி இறக்கிப் பார்த்தபோது, ஸ்டியரிங்கைத் தொடாமலேயே சக்கரம் திரும்பியது. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் ஏறத்தாழ ஒரே கோணத்தில் கிடந்தால்தான் இரண்டும் ஒரே வளைவில் ஏறி இறங்கும். வண்டியைத் தூக்கியதும் அந்தப் பொருத்தம் கலைந்து, ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாக ஸ்டியரிங் பிடித்தது.

பின்னால் நீண்ட ஷேக்கிளால் பட்டையின் முன் கண் ஆக்சிலைவிட வெகுவாக மேலே போயிருந்தது. இப்படி இருந்தால், வளைவில் சாயும்போது வெளிச் சக்கரம் சற்றுப் பின்னால் நகரும், உட்சக்கரம் முன்னால் வரும். பின் ஆக்சில் முழுதாக வளைவுக்கு வெளியே பார்க்கும். முப்பந்தலில் பின்பக்கம் வீசியதற்கு விளக்கம் இதுவே.

டயர் கணக்கு எளிது. பழைய அளவின் விட்டம் 735 மி.மீ., புதியது 804. வித்தியாசம் 9.3 சதவீதம். மீட்டர் 80 காட்டியபோது உண்மையில் 87. சாலையில் கிடைக்கும் இழுவை ஏறத்தாழ 8.5 சதவீதம் குறைவு. அதை ஈடுகட்டத்தான் டியூனிங் பெட்டி வாங்கினார்கள் என்பது பின்பு தெரிந்தது. ரிம்மோடு சேர்த்து ஒரு சக்கரம் 41 கிலோ. தக்கலை வண்டியின் சக்கரம் 30. காற்று 40 பி.எஸ்.ஐ. வைத்திருந்தார்கள்.

எடை மேடையில் ஆளில்லாமல், டேங்க் நிறைய டீசலோடு: முன் ஆக்சில் 1,110, பின் 900, மொத்தம் 2,010 கிலோ.

பிரேக் அளவுக்குப் பொதுச்சாலையைத் தொடவில்லை. அனுமதி வாங்கி ஒரு தனியார் களத்தில், ஜிபிஎஸ் வேகம் 40 கி.மீ.யிலிருந்து நிற்கும் தூரம் ஐந்து முறை எடுத்தார்கள். சராசரி 13.4 மீட்டர். மூன்றாம் கியரில் 30-லிருந்து 70 கி.மீ.க்கு 11.2 நொடி, அதுவும் டியூனிங் பெட்டி வேலை செய்யும்போது.

முடிவு

அளவுகளை ஒரே தாளில் எழுதி அப்பாவையும் மகனையும் உட்காரவைத்துப் பேசினார்கள். வண்டிக்குப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. முதலில் கம்பெனி நிலைக்குத் திரும்புவது. அதன் பிறகும் குறை இருந்தால் மட்டும் அடுத்த படி. வரிசை: உடலும் சேஸியும், சஸ்பென்ஷன், டயர், பிரேக், கடைசியில் எஞ்சின். 87-இல் நேராகப் போகாத வண்டிக்கு இன்னும் வேகம் எதற்கு என்பதே பட்டறையின் வாதம்.

சட்டக் காரணமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. முன்பக்க இரும்பு பம்பருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. இந்த மாற்றங்கள் எதையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்கவும் இல்லை. அப்பாவை அசைத்தது இந்தக் கடைசி விஷயம்.

மகனுக்கு மனசில்லை. பெரிய டயர் போனால் வண்டி ‘கோழிக்குஞ்சு’ போலாகிவிடும் என்றார். சமரசமாக, அதே 235/70 ஆர்16 அளவில் கரடுமுரடான பட்டன் உள்ள ஆல் டெரெய்ன் டயருக்கு ஒப்புக்கொண்டார். கூண்டையும் கழற்றுவதாக முடிவு. முறையாகப் போடுவதானால் தடித்த குழாய், விரிந்த அடித்தகடு, பாடி மவுண்ட் (உடலைச் சேஸியோடு கட்டும் ரப்பர்) இருக்கும் இடத்தில் பிடிமானம், தலை படும் இடமெல்லாம் திண்டு, அதற்கெல்லாம் மேல் ஒப்புதல் தேவை. அதுவரை பின் பெஞ்சில் ஆள் ஏற்றுவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

உடலும் சேஸியும்

கூரையுள்ள காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து ஒரு பெட்டியாகி முறுக்கலைத் தாங்கும். துணிக்கூரை வண்டியில் அந்த வேலை முழுவதும் கீழே உள்ள சேஸிக்கும், உடலைச் சேஸியோடு கட்டும் ரப்பர் மவுண்ட்டுகளுக்கும் போகிறது. மவுண்ட் அமுங்கிப்போனால் முன்கண்ணாடிச் சட்டம் ஆடும். ஷாக், ஸ்பிரிங் எவ்வளவு நல்லதாகப் போட்டாலும் பயனில்லை. ஆடுகிற பலகை மீது தராசு வைத்த கதை.

சோதனை எளிது. முன் இடது மூலையைச் சேஸியில் ஜாக் வைத்து 100 மி.மீ. தூக்கி, கதவுக்கும் பின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி மேலே எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது. 6 மி.மீ. மாறியது. கழற்றியபோது இரண்டு மவுண்ட்டுகளின் உள்குழாய் துருவில் கரைந்து, போல்ட் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. போல்ட்டை வலுவாகத் திருகினால் அறுந்துபோகும் என்பதால் மூன்று நாள் துரு இளக்கும் ஆயில் ஊற்றி, சூடாக்கி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக எடுத்தார்கள். அப்படியும் ஒன்று அறுந்தது.

சேஸிக்குள் செம்மண்ணும் ரப்பர் இலைச் சக்கையும். நீர் வடியும் துளைகள் அடைந்து, உள்ளே ஈரம் தேங்கிக் கிடந்தது. கடலோர வீடும் மலைத்தோட்டமும் சேர்ந்தால் இதுதான் நிலை: உப்பு கீழிருந்து தின்னும், சேறு உள்ளிருந்து தின்னும். கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, தண்ணீர் அடித்து, இரண்டு நாள் முழுதாக உலர்த்தியபின் உட்குழிக்கு மெழுகு தெளித்தார்கள். உலராமல் தெளித்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்ததாகிவிடும்.

கழுவிய பிறகுதான் பின் இடது ஷேக்கிள் ஹேங்கர் அருகே சேஸியில் 35 மி.மீ. விரிசல் தெரிந்தது. ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளியதும் நீண்ட ஷேக்கிள் பக்கவாட்டில் ஆடியதும் அந்த இடத்தை வேலை வாங்கியிருக்கின்றன. விரிசலின் முனையில் 4 மி.மீ. துளையிட்டு, வி வடிவில் குடைந்து, மிக் வெல்டிங்கில் நிரப்பி, மேலே 5 மி.மீ. தகடு. தகட்டின் முனைகள் கூராக வெட்டப்பட்டன. சதுரத் தகடு வைத்துச் சேஸியின் குறுக்கே நேர்க்கோட்டில் பற்றவைத்தால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே விழும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரும் ஈசியூ பிளக்கும் கழற்றப்பட்டன. இதை விட்டால் சில நொடிகளில் ஈசியூ போய்விடலாம்.

சஸ்பென்ஷன்

டார்ஷன் பாரை இறக்கும்போது சேஸியில் ஸ்டாண்ட் கொடுத்து, முன் சக்கரங்களைத் தொங்கவிட்ட பிறகே அட்ஜஸ்டர் போல்ட்டைத் தொட வேண்டும். சுமையோடு திருகினால் மரை உரியும். வெளியே தெரியும் மரை நீளத்தை முதலில் குறித்துக்கொண்டு, பக்கத்துக்கு மூன்று சுற்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் வண்டியைத் தரையில் விட்டு முன்னும் பின்னும் ஐந்து மீட்டர் உருட்டி, பம்பரை அமுக்கி விட்டு, பிறகு அளந்தார்கள். உருட்டாமல் அளந்தால் டயர் தரையைக் கவ்விக்கொண்டு பொய் உயரம் காட்டும். கடைசியில் தக்கலை வண்டியின் அளவைவிட 15 மி.மீ. மேலே, இடது வலது வித்தியாசம் 4 மி.மீ.க்குள். பார்களைக் கழற்ற நேர்ந்தால் இடது எது, வலது எது என்று குறித்துவைக்க வேண்டும். பயன்பட்ட திசைக்கு எதிராக முறுக்கினால் உடையும்.

மேல், கீழ்க்கை புஷ்கள், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் எல்லாம் புதிது. பாலியூரிதேன் புஷ் போடலாமா என்று மகன் கேட்டார். செம்மண் நீர் புகுந்தால் அது கிறீச்சிடும், கிரீஸ் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வழித்தடத்துக்கு ரப்பரே போதும் என்று விட்டார்கள். ரப்பர் புஷ்ஷில் ஒரே ஒரு நிபந்தனை: போல்ட்டின் கடைசி இறுக்கம், வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது. தொங்கும்போது இறுக்கினால், தரையில் விட்டவுடன் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியே கிடக்கும். ஆறு மாதத்தில் கிழியும்.

பின்பக்கம் பழைய நீளத்து ஷேக்கிள். பட்டைகளைப் பிரித்ததில் இரண்டாவது இலை உடைந்திருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்து, அந்த இலையை மாற்றி, இலைகளைச் சேர்த்துக் கட்டும் சென்டர் போல்ட்டும், பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டும் புதிது. யூ போல்ட் ஒருமுறை இழுத்து நீண்டதைத் திரும்பப் போடுவதில்லை. கூடுதல் இலை சேர்க்கும் யோசனை கைவிடப்பட்டது: இது பெரும்பாலும் இருவர் மட்டும் ஏறும் வண்டி. வெற்று வண்டியில் கெட்டி ஸ்பிரிங் போட்டால் பின் சக்கரம் துள்ளும். துள்ளும் சக்கரம் சாலையைப் பிடிக்காது. நான்கு ஷாக்குகளும் கேஸ் நிரப்பிய இரட்டைக்குழாய் வகை.

அலைன்மெண்ட்டுக்கு டிரைவர் சீட்டில் 75 கிலோ மணல் மூட்டை வைத்தார்கள். டோ 2 மி.மீ. உள்நோக்கி, கேம்பரும் காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) கையேட்டு வரம்புக்குள்.

டயர், காற்று, துணி

ஸ்பேசர் நீக்கப்பட்டது. காற்றுக்குப் பெட்ரோல் பங்க் பழக்கத்தை விட்டு, குளிர்ந்த நிலையில் 30 வைத்து அரைமணி ஓட்டிப் பார்த்தார்கள். சூடான பின் 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறினால் காற்று குறைவு, டயர் அதிகமாக மடிகிறது என்று பொருள். 2-க்கும் கீழே நின்றால் அதிகம். 34-இல் நின்றது. 30 வைத்துக்கொண்டார்கள்.

தலைவலியின் காரணம் பின் திரை. பக்கத் திரைகளை மூடி, பின் திரையை மட்டும் சுருட்டினால் வண்டிக்குப் பின்னால் உண்டாகும் வெற்றிடம் சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். திறந்தால் எல்லாவற்றையும் திறக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் மூட வேண்டும். தளர்ந்த துணியின் வார்களை மாற்றி இறுக்கியதும் வேகத்தில் கூரை பலூன் போல உப்புவதும் நின்றது.

பிரேக்

பின் வலது வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருந்தது. இரு பக்க அட்ஜஸ்டரும் துருவில் இறுகிக் கிடந்தன. கிட்டத்தட்ட முன் டிஸ்க் மட்டுமே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தது. சிலிண்டர் இரண்டும், லைனிங், முன் பேட், பழுப்பேறிய ஆயில் எல்லாம் மாற்றம். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் உறிஞ்சியபின் 155 வரை இறங்கலாம். கோதையாறு பக்கம் இறக்கத்தில் பெடல் பஞ்சாகப் போவது இதனால்தான். கடற்கரைக் காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம்.

இந்த வண்டிக்கு அப்பாலும் பொருந்தும் ஒரு குறிப்பு: பின் ஆக்சிலோடு கம்பி இணைத்த சுமை உணர் வால்வு உள்ள வண்டிகளில் பின்பக்கத்தை உயர்த்தினால், வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு எண்ணிப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். உயர்த்துகிறவர்களில் அந்தக் கம்பியைத் திருத்துபவர்கள் குறைவு.

எஞ்சின்

டியூனிங் பெட்டி சென்சாரிடமிருந்து வரும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி, உண்மையான ரெயில் அழுத்தத்தை ஈசியூ உயர்த்தும்படி செய்கிறது. டீசல் கூடும், காற்று அதற்கேற்பக் கூடுகிறதா என்று அது பார்ப்பதில்லை. இங்கே கூடவில்லை. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் அடிப்பக்கம் கிளாம்ப் அருகே பிளந்து, டர்போ அமுக்கிய காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. பார்வைக்குத் தெரியாது, சோப்பு நீர் தடவி, குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்தபோது குமிழி வந்தது. இல்லாத காற்றுக்கு டீசலைக் கூட்டியதன் விளைவு கரும்புகை.

பெட்டி கழற்றப்பட்டது. ஹோஸ், ஏர் பில்டர், டீசல் பில்டர் புதிது. புகையின் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டது. அடைத்துவிடச் சொன்ன யோசனை ஏற்கப்படவில்லை. கிளட்ச் பிளேட் கண்ணாடி போலப் பளபளத்திருந்தது. பெரிய டயர், கூடுதல் எடை, ஏற்றத்தில் அரை கிளட்ச் மூன்றும் சேர்ந்த வேலை. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் செட்டாக மாறின. ரீமேப் செய்யப்படவில்லை.

நடுவில் நேர்ந்த தவறுகள்

யூ போல்ட்டை 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும் என்று சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தார்கள். அன்றே திருநெல்வேலிக்குப் போய்விட்டார்கள். 420 கி.மீ.யில் வந்தபோது ஒரு பக்க நட்டுகள் தளர்ந்து, ஆக்சில் 4 மி.மீ. பின்னுக்கு நகர்ந்திருந்தது. சென்டர் போல்ட்டின் தலை பாதி தேய்ந்தாயிற்று. மீண்டும் பிரிக்க நேர்ந்தது. வாயால் சொன்னதற்குப் பதிலாக வண்டியைக் கையில் கொடுக்காமல் 100 கி.மீ. தாங்களே ஓட்டி இறுக்கியிருக்க வேண்டும் என்பது பட்டறையின் ஒப்புதல்.

அடுத்தது அலைன்மெண்ட். புஷ்ஷும் டார்ஷன் பாரும் அமர்வதற்கு முன்பே செய்துவிட்டார்கள். 300 கி.மீ.க்குள் முன்பக்கம் 6 மி.மீ. இறங்கி, டோ மாறி, புது டயரின் உள்விளிம்பு இறகு போலச் சீவத் தொடங்கியிருந்தது. உயரத்தைச் சரிசெய்து இரண்டாம் முறை அலைன்மெண்ட்.

பலன்

வேலை நாட்கள் 19. பாடி மவுண்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் காத்திருந்தது தனி. செலவு, ஐந்து டயரும் கூலியும் சேர்த்து 1,46,000 ரூபாய். பழைய டயர், வின்ச் விற்றதில் 52,000 திரும்பியது.

எடை முன் 1,010, பின் 830, மொத்தம் 1,840 கிலோ. 170 கிலோ குறைவு. அதில் 100 முன் ஆக்சிலில். கதவு இடைவெளி மாற்றம் 6-இலிருந்து 2 மி.மீ. 40 கி.மீ.யிலிருந்து நிற்கும் தூரம் 13.4-க்குப் பதில் 9.3 மீட்டர். மூன்றாம் கியர் 30–70, டியூனிங் பெட்டி இல்லாமலேயே 8.9 நொடி. மகன் அந்த எண்ணை நம்பாமல் தானே மூன்று முறை எடுத்துப் பார்த்தார்.

இழந்ததும் உண்டு. தோட்டத்துக்குள் ஓடை கடக்கும் ஓர் இடத்தில் முன்பு தட்டாமல் போன டிரான்ஸ்பர் கேஸ் (இரு ஆக்சிலுக்கும் இழுவையைப் பிரிக்கும் பெட்டி) காப்புத் தகடு இப்போது கல்லில் உரசுகிறது. அங்கே இரண்டு டிப்பர் கல் கொட்டிச் சமன் செய்தார்கள். ஐப்பசி மழையில் சேறு ஆழமான மேல் வரிசைக்குச் சேற்று டயர் அளவுக்கு இந்த டயர் ஏறவில்லை. காற்றை 20-க்கு இறக்கி, தாழ் விகிதக் கியரில் போட வேண்டியிருக்கிறது. கையில் காற்று பம்ப் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது.

2023 ஜூலையில், அதே காற்றில், ஜிபிஎஸ் வேகம் 75-இல் முப்பந்தலைக் கடந்தபோது ஒரு கையளவு திருத்தத்துக்குள் வண்டி தடத்தில் நின்றது. முன்பு 87 என்பதால் இது சமமான ஒப்பீடு அல்ல. மீட்டர் உண்மை பேசத் தொடங்கியதும் மகன் ஓட்டும் வேகமும் இறங்கியிருக்கிறது.

மறுபடி செய்வதானால்

வேலை தொடங்கும் முன்பே சேஸியைக் கழுவிப் பார்ப்பது முதல் மாற்றம். விரிசல் முன்னமே தெரிந்திருந்தால் வரிசையும் செலவுக் கணக்கும் வேறாக இருந்திருக்கும். 60,000 என்று சொல்லித் தொடங்கி இரு மடங்குக்கு மேல் போனதில் அப்பாவுக்கு வருத்தம் இருந்தது, நியாயமான வருத்தம். டயரை ஷாக்குக்கு முன்பே மாற்றி, இடையில் ஒருமுறை அளந்திருந்தால் எது எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல முடிந்திருக்கும். இப்போது முடியாது. அலைன்மெண்ட் 500 கி.மீ. ஓடிய பிறகே.

ஓராண்டுச் சோதனையில் புஷ்ஷும் ஷாக்கும் நன்றாக இருந்தன. பின் இடது பாடி மவுண்ட்டின் வாஷரில் மட்டும் துரு மீண்டும் தலைகாட்டியது; அதற்கு நேர் மேலே தரைத் தகட்டில் கூண்டு போல்ட்டின் பழைய துளை ஒன்று அடைக்கப்படாமல் இருந்திருக்கிறது. மழைத் தண்ணீர் அதன் வழியாகவே சொட்டியிருக்கிறது. 16 துளைகளையும் தகடு வைத்து அடைத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் உட்குழி மெழுகு இன்னொருமுறை தெளித்தார்கள்.